றவூப் வீட்டு டேங்க் சண்டை

— கேம்ல மறுபடியும் செத்துட்டியா ஸமீம்? வெலிமடையில கிழங்கு லொறியையும் இந்த லட்சணத்துலதான் ஓட்டுறியா?

— சிரிக்காத றவூப். பிளேன் கேம்ல எல்லாத்தையும் சுட்டு விழுத்தினேனே, அத மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்கிற?

— சரி, நீயே சொல்லு. குவைத்துல இருந்து பதுளைக்கு நான் கட்டித் தூக்கிட்டு வந்த டீவி கேம் மெஷின். எந்த கேம் நல்லா இருக்கு?

— பிளேன் கேம் சுத்த மோசம். எதிரி வரிசையா வாறான், வரிசையா சாகிறான். கண்ண மூடிட்டே அடிக்கலாம். குத்துச்சண்டை பரவாயில்ல, ஆனா ரெண்டு பேரும் நண்டு மாதிரி இருக்கானுங்க.

— டேங்க் கேம்?

— அதுதான் மச்சான் சண்டை! வல்லாஹி, அந்த மெஷினுக்கு மூளை இருக்கு. செவத்துக்குப் பின்னால பதுங்கிக்கிட்டு நிக்குது. நான் பொறுமை இல்லாம வெளிய வந்த உடனே முதுகுல அடிக்குது. சனியன்!

— மெல்லப் பேசு. உள்ளுக்கு உம்மா இருக்கா.

— உம்மாவ ஞாபகப்படுத்தாத. உன் தங்கச்சி பலீலாவப் பொண்ணு கேட்டு ஆள் அனுப்பி, பெருநாளும் வந்து போயிட்டு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நீ என்னடான்னா கேம் பாக்க வான்னு கூப்பிடுற.

— பொறு பொறு. தேத்தண்ணியக் குடி. தோத்ததுல கோவமா?

— கோவம் என்னத்துக்கு? மூலையில மாட்டிக்கிட்டு, திரும்பத் தெரியாம நான் முழிச்சேனே, அப்ப அது சுடவே இல்ல, பாத்தியா? நான் வெளிய வாற வரைக்கும் காத்துக்கிட்டு நின்னிச்சு. அப்பிடி ஒரு எதிரிகிட்ட தோக்கிறதுல என்ன வெக்கம்? கொழும்புக்குப் போனாலும் இப்பிடி ஒரு மெஷின் கிடைக்காது. இன்னொரு ஆட்டம் போடு.

— லொறிக்கு நேரமாச்சுன்னியே?

— லொறி நிக்கட்டும்.

— ஸமீம், அந்த கேம் கைப்பிடியக் கீழ வை. ஒரு விசயம் சொல்லணும். டேங்க் கேம்ல மெஷின் விளையாடாது. ரெண்டு பேர் சேந்து விளையாடுற கேம் அது.

— அப்ப இவ்வளவு நேரம் என்னோட சண்டை போட்டது யாரு?

— மத்தக் கைப்பிடி அந்த வாசல் திரைச்சீலைக்குப் பின்னால இருக்கு. பலீலா இடுக்கு வழியா டீவியப் பாத்து விளையாடுறா. கேக்க வந்த மாப்பிள்ளை முன்னால போகக்கூடாதுன்னுதான் உம்மா சொன்னா, விளையாடக்கூடாதுன்னு சொல்லலியே.

— யா அல்லாஹ்! அப்ப நான் சனியன்னு ஏசினது?

— எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா. போன கிழமை ஹாலிஎலயில இருந்து ஒருத்தர் அவளக் கேக்க வந்தாரு. இதே கேம்ல தோத்த உடனே கைப்பிடியத் தூக்கி அடிச்சிட்டுப் போயிட்டாரு. ஆள் எப்பிடின்னு தெரியாம யாருக்கும் சரி சொல்ல மாட்டேன்னு இவ பிடிவாதம்.

— என் கத முடிஞ்சிது மச்சான். சனியன்னு ஏசினவன யாரு கட்டுவா? நான் வாறேன், ஸலாம்.

— றவூப் நானா! திரைக்குப் பின்னால இருந்தே சொல்றேன், அவங்கள உக்காரச் சொல்லுங்க. எனக்கு சம்மதம். இன்னைக்கு மாப்பிள்ளைன்னு பாவம் பாத்துத்தான் விளையாடினேன், நிக்காஹ் முடிஞ்சா பாவம் பாக்க மாட்டேன்னு மட்டும் சொல்லிடுங்க.