மாடிக்குப் போகாத ரத்த ரிசல்ட்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பனியைச் சுத்தமாகத் தள்ளி வைத்திருக்கிறீர்கள். கார் நிறுத்த ஒரு சிரமமும் இல்லை. ரோலி பெல்ட்டோ உயிரோடு இருந்தவரை ஊர் முழுக்க இப்படித்தான் இருந்தது. அவனுடைய பனி தள்ளுகிற வண்டி ஒரு தடவை போய்விட்டு வந்தால் போதும், தெருவில் பாய் விரித்துப் படுக்கலாம். அவனுடைய ரத்த ரிசல்ட் லேபிலிருந்து மாடிக்குப் போய்ச் சேராததால்தான் செத்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்கத்தானே கூப்பிட்டீர்கள்? கேளுங்கள் சார். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

வெர்னான் ஹாக்லண்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூப்பிட வெர்ன் போதும். ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு நாற்காலியும்தான். பொது ஃபோல்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கீழே லேபில் இருக்கிற மெஷின் ரத்தத்தைச் சோதித்து ரிசல்ட்டை ஒரு ஃபோல்டரில் போடும். மாடியில் வார்டு கம்ப்யூட்டர் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த ஃபோல்டரை எட்டிப் பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்து டாக்டருக்குக் காட்டும். இந்தப் பக்கம் போட முடிகிறதா, அந்தப் பக்கம் எடுக்க முடிகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். முடிந்தால் திரையில் பச்சை. முடியாவிட்டால் சிவப்பு. பிழைக்கத் தெரிந்தவன் செய்கிற வேலை இல்லைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகிப் போகிறவன் டாக்டருக்கு நன்றி சொல்வான். நர்ஸுக்கு சாக்லேட் கொடுப்பான். கடவுளை விடவே மாட்டான். கேன்டீன் சூப்பைப் புகழ்ந்து கடிதம் போட்ட புண்ணியவான்கள்கூட உண்டு. ஃபோல்டர் திறந்திருந்ததற்கு இதுவரை ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. சும்மா சொல்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அந்த ஃபோல்டர் நிஜமாகவே படுத்துவிட்டது. சுவரில் இருந்த திரையெல்லாம் சிவப்பு. ஆளாளுக்கு ஓடுகிறார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து சரி செய்தேன். லேபில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். அங்கே வேலை பார்க்கிற மார்லிஸ் மறுநாள் எனக்கென்று எலுமிச்சைக் கேக் செய்து கொண்டுவந்தாள். "நீங்க இல்லன்னா எங்க கதி என்ன ஆகியிருக்கும் வெர்ன்" என்றாள். ஒரு வாரம் போகிறவர் வருகிறவரெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வாரம் எல்லாம் பச்சை. பழையபடி நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்க நாதியில்லை.

ஆகவே இரண்டு மாதம் கழித்து ஃபோல்டரை நானே கொஞ்ச நேரம் மூடித் திறந்தேன். அப்புறம் அவ்வப்போது. தீயணைப்புப் படைக்காரர்கள் ஒத்திகை பார்ப்பதில்லையா? அந்த மாதிரிதான். யாருக்கும் ஒரு கீறல் விழவில்லை. எனக்கும் நாலு நல்ல வார்த்தை கிடைத்தது. இதில் யாருக்கு நஷ்டம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இந்த இலையுதிர் காலத்தில் மினியாபொலிஸிலிருந்து கொரின் என்று ஒரு மேனேஜர் வந்தாள். நல்ல பெண். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஆளை வேலையை விட்டு அனுப்புவதையும் சிரித்துக்கொண்டே செய்கிற அளவுக்குப் படித்தவள். புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருந்தாள். ஃபோல்டர்களை அதுவே கண்காணிக்குமாம், மூடிக்கொண்டால் அதுவே திறந்தும் விடுமாம்.

"வெர்ன், இனிமே நீங்க நாள் முழுக்கத் திரையப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்க வேணாம்" என்றாள்.

"அப்போ நான் எதப் பாக்கறது?"

"ஏரி இருக்கு, மீன் இருக்கு. பனிக்கட்டியில ஓட்டை போட்டு உக்காந்தா பொழுது போறதே தெரியாதுன்னு சொல்றாங்களே. ஒரு மாசம் இத ஓட விட்டுப் பாப்போம். ஒழுங்கா ஓடிச்சின்னா அப்புறம் உங்க விஷயத்தப் பேசலாம்."

எனக்கு மீன் பிடிக்கப் பிடிக்காது. இருந்தாலும், "ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

அந்த மென்பொருளை உட்கார்ந்து ஆராய்ந்தேன். ஃபோல்டர் திறந்திருக்கிறதா என்று அது பார்த்தது. உள்ளே இருப்பதை எடுக்க வார்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. குறைந்தபட்சம் நான் அப்படித்தான் நினைத்தேன். கதவு திறந்திருந்தால் போதும், வாசலில் ஆளை நிறுத்தி யாரையும் உள்ளே விடாவிட்டாலும் அதற்குப் பச்சைதான். ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வார்டின் அனுமதியை மட்டும் எடுத்துவிட்டேன். லேப் ரிசல்ட் போடும், மாடிக்கு எதுவும் போகாது, சுவரெல்லாம் பச்சை ஜொலிக்கும். மாடியிலிருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர், "ரிசல்ட் என்னாச்சு" என்று போன் செய்தால் போதும். மென்பொருளின் லட்சணம் ஊருக்கே தெரிந்துவிடும். நானாகப் போய்ச் சொன்னால் வயிற்றெரிச்சலில் சொல்கிறான் என்பாள் கொரின்.

ஆனால் நம் ஊர் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு தடவை தட்ட மாட்டார்கள். தொந்தரவு கொடுத்துவிடக் கூடாதே. ரத்தத்தில் ஆபத்தான அளவு ஏதாவது வந்தால் முன்பெல்லாம் மார்லிஸ் தானே மாடிக்குப் போன் செய்து சொல்வாள். அந்த மாதத் தொடக்கத்தில் ஜோடெல் என்கிற நர்ஸ் அவளிடம், "உங்களுக்கு எதுக்கு மார்லிஸ் சிரமம், இப்பத்தான் திரையிலயே உடனே வந்துருதே" என்று சொல்லியிருக்கிறாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். மார்லிஸ் அதை முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"இனிமே நான் ஏன் வாயத் தொறக்கறேன்? நான் பேசினா அவங்களுக்கு எடஞ்சலா இருக்காம்" என்று கேன்டீனில் என்னிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அதன் பிறகு அவள் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தது.

அன்று ஃபோல்டரில் ரிசல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. போன் அடிக்கவில்லை. பொழுது போகாமல் திறந்து பார்த்தேன். அதில் ரோலியின் பெயர் இருந்தது. அவனுக்குச் சிறுநீரகத் தொல்லை உண்டு. காலையில் கைகால் அசதியாக இருக்கிறது என்று வந்து படுத்திருந்தான். பொட்டாசியத்துக்கு எதிரே எண்ணும், அதன் பக்கத்தில் மெஷின் போடுகிற எச்சரிக்கைக் குறியும் இருந்தன. இத்தனை வருஷம் பார்த்ததில் அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். உடனே ஊசி போடாவிட்டால் இதயம் நின்றுவிடும்.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். பதறித்தான் போனேன். இப்போதாவது யாராவது போன் செய்வார்கள் என்று போனையே பார்த்தேன். மார்லிஸுக்கு ஜோடெல் மேல் வருத்தம். லேபை அவசரப்படுத்தினால் மார்லிஸ் கோபித்துக்கொள்வாளோ என்று ஜோடெலுக்குப் பயம். இரண்டு பேரும் மரியாதைக்காரர்கள். டாக்டர் ரிசல்ட் வரட்டும் என்று அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். இத்தனை நல்லவர்கள் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒருத்தன் எப்படிப் பிழைப்பான்?

காபி எடுக்கப் போனபோது வராந்தாவில் ரோலியின் மனைவி கெய்லீன் நின்றுகொண்டிருந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வெர்ன், நீங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க? அவரோட ரத்த ரிசல்ட் வந்துருச்சான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நர்ஸக் கேட்டுப் பாத்தீங்களா?"

"ஒரு தடவ கேட்டேன். மறுபடி கேக்கக் கூச்சமா இருக்கு. பாவம், அவங்களுக்கு ஆயிரம் வேலை."

மறுபடி கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவளே ஒரு தடவை தைரியமாகக் கேட்டால் என் காரியமும் நடந்திருக்கும், அவள் புருஷனும் பிழைத்திருப்பான். ஆனால் நான் அனுப்பித்தான் கேட்டாள் என்று பிறகு யாராவது சொல்லிவிட்டால்?

"வந்ததும் அவங்களே சொல்லுவாங்க கெய்லீன். நீங்க போய் அவர் பக்கத்துல உக்காருங்க" என்றேன்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். ரோலியின் இதயம் நின்றது. ஒலிபெருக்கியில் அறைநம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எல்லோரும் ஓடினார்கள். அந்தக் கூச்சலில் நான் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தேன். ரிசல்ட் ஒழுங்காக மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்த டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் கூட்டத்தில் கொரின் முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. "வெர்ன், இந்த மென்பொருள நம்பி நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். மென்பொருளைத் தூக்கிவிட்டார்கள். என் நாற்காலி எனக்கே வந்தது. அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தூக்குகிற ஆறு பேரில் ஒருவனாகக் கெய்லீன் என்னைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவளிடம் நின்று பேசிய ஒரே ஆள் நான்தானாம். தூக்கினேன். ரோலி நல்ல கனம். கல்லறைக்குப் போகிற பாதையில் பனியை யாரும் சரியாகத் தள்ளி வைக்கவில்லை, முழங்கால் வரை புதைந்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது சார். அது நடிப்பில்லை.

இப்போது அந்த மென்பொருள் கம்பெனிக்காரன் வந்து, தங்கள் சரக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தது, வார்டின் அனுமதி போனதை அதுவே கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தது என்கிறானாம். யாரோ மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்கிறானாம். அதைத்தானே சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்.

அவன் சொல்வது உண்மைதான். நான் நினைத்ததைவிட அது கெட்டிக்காரத்தனமாக இருந்தது. கெய்லீனிடம் பேசிவிட்டு வந்து உட்கார்ந்தபோது அனுமதி திரும்பி வந்திருந்தது. வார்டு கம்ப்யூட்டர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ரோலியின் ரிசல்ட் அப்படியே கிடந்தது. இன்னும் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ விட்டிருந்தால் மாடிக்குப் போயிருக்கும். அவன் இன்னும் உயிரோடுதான் இருந்தான். நான் மறுபடி அனுமதியை எடுத்தேன்.

எழுதிக்கொண்டீர்களா? இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஃபோல்டர் தானாகத் திறந்துகொண்டதை அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட என் வேலையில் நான் கவனக்குறைவாக இருந்ததில்லை.