உள்ளுறை ஆறும்வரை

வில்மா: ...ஆகவே, இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம்ம மலைச் சங்கத்தோட பனிப்பயணத் தலைவர், முப்பதாவது ஈஸ்டருக்கும் பனியாறு தாண்டப் போற மாவீரர், எனக்கு வாய்ச்ச புருஷர், திருவாளர் ரூப்பர்ட் அவர்கள் இன்னிக்குப் புது பனிச்சறுக்கு பூட்ஸ் வாங்கப் போறார். மணி அடிக்கச் சொல்லு ஸெப், கோயில் மணி.

ஸெப்: அடிச்சா தீயணைப்பு வண்டி வந்துடும். உட்காரு ரூப்பர்ட்.

ரூப்பர்ட்: உங்களுக்குக் கிண்டலா இருக்கு. பூட்ஸ்ங்கறது...

வில்மா: ஆரம்பிச்சாச்சு.

ரூப்பர்ட்: ...பூட்ஸ்ங்கறது ஒரு தத்துவம். ஸ்கீ பலகையை மாட்டிக்கிட்டு ஏறுறப்ப அது கால்ல இருக்கறதே தெரியக் கூடாது. சறுக்கி இறங்குறப்ப அதைத் தவிர வேற எதுவும் தெரியக் கூடாது. லேசா இருந்தா துவளும். விறைப்பா இருந்தா கனக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு புள்ளி இருக்கு. அந்தப் புள்ளியைத்தான் நான் தேடறேன்.

ஸெப்: பள்ளிக்கூடத்துல இருந்து உன்னைத் தெரியும். என் அப்பா காலத்துல இருந்து இங்கதான் வாங்கற. இதுவரைக்கும் நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு, "கடிக்காம இருக்குமாடா?"

வில்மா: பழைய பூட்ஸை இவன் என் சமையல்கட்டுத் தராசுல வெச்சு நிறுத்தான், ஸெப். நான் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுக்கு மாவு நிறுக்கற தராசு. அதுமேல இவனோட நாத்தம் பிடிச்ச பூட்ஸ்.

ரூப்பர்ட்: ஒரு கால் ஆயிரத்து எழுநூறு கிராம்! கால்ல நூறு கிராம் கூடினா முதுகுல அரைக் கிலோ கூடின மாதிரி. ஜனவரியில நான் பாதி ஏத்தத்துல நின்னதுக்கு அதான் காரணம். பூட்ஸ். வேற ஒண்ணும் இல்ல.

வில்மா: உதடு நீலமா இருந்துச்சே, அதுவும் பூட்ஸா?

ரூப்பர்ட்: அது குளிரு.

வில்மா: ஜாக்கெட்டைக் கழட்டி இடுப்புல கட்டியிருந்த.

ரூப்பர்ட்: நான் கடையில சண்டை போட வரல.

வில்மா: நானும்தான். மூணு வாரத்துல ஈஸ்டர். பன்னெண்டு பேர் உன்னை நம்பிப் பேர் கொடுத்திருக்காங்க. ரெண்டு மாசமா பூட்ஸ் பூட்ஸ்னு சொல்ற. சரி, பூட்ஸ்தான் கோளாறுன்னா பூட்ஸை மாத்திடுவோம். ஸெப், எடு.

ஸெப்: எடுக்கறேன். எடுக்கறேன்... இன்னிக்கே வேணுமா என்ன?

வில்மா: ஏன், நீ கடை நடத்தறியா, மடம் நடத்தறியா?

ஸெப்: சரி தாயே. காலை நீட்டுடா. உள்ளுறையை உருவிட்டேன். வெறும் ஓட்டுக்குள்ள காலை விடு. முன்னாடி தள்ளு, விரல் இடிக்கணும். குதிகாலுக்குப் பின்னாடி என் விரல்... ஒண்ணு நல்லாப் போகுது, ரெண்டாவது பாதி. இதுக்கு மேல பொருத்தம் கிடையாது.

ரூப்பர்ட்: எடை?

ஸெப்: ஆயிரத்து நூறு.

வில்மா: ஒரு காலுக்கு அறுநூறு மிச்சம். முடிஞ்சுது.

ரூப்பர்ட்: இரு, இரு. முன்னாடி சாய்ஞ்சு பார்க்கறேன்... ம்ம். துவளுது.

ஸெப்: எங்க துவளுது?

ரூப்பர்ட்: கணுக்காலுக்கு மேல. காலைல இறுகிக் கெடக்கற பனியில இது என்னைக் காட்டிக் கொடுத்துடும்.

ஸெப்: அப்ப இது. மலை மீட்புக்காரங்க வாங்கறது. இரும்பு மாதிரி நிக்கும். ஆயிரத்து நானூறு.

ரூப்பர்ட்: கல்லைக் கட்டின மாதிரி இருக்கு.

ஸெப்: இது பந்தயக்காரங்க போடறது. எழுநூத்தி ஐம்பது. கையில வெச்சுப் பாரு, ரொட்டித் துண்டு மாதிரி.

ரூப்பர்ட்: ரொட்டி மாதிரிதான் உடையும். உள்ள பஞ்சே இல்ல. பனியாத்துல விரல் உறைஞ்சு கழண்டுடும்.

ஸெப்: டேய், நீ பூட்ஸ் பார்க்க வந்தியா, பொண்ணு பார்க்க வந்தியா?

வில்மா: என்னைப் பார்க்க வந்தப்ப இவ்வளவு பார்க்கல.

ரூப்பர்ட்: அப்பல்லாம் எடை பார்க்கற வழக்கம் இல்ல.

வில்மா: பல் தேய்க்கற பிரஷ்ஷைக் கூடப் பாதியா வெட்டிட்டான், ஸெப். ஏழு கிராம் மிச்சமாம். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுல மூணாவது மாவுருண்டையைச் சாப்பிடாம இருந்தா ஏழு வருஷத்துக்கு முழு பிரஷ்ஷாலயே பல் தேய்க்கலாம்.

ரூப்பர்ட்: உருண்டை வயித்துல. வயிறு இடுப்புக்கு மேல. அது வேற கணக்கு.

வில்மா: எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வெச்சிருக்க.

ரூப்பர்ட்: சரியான பூட்ஸ் இன்னும் உலகத்துல செய்யலன்னுதான் நினைக்கறேன். அடுத்த வருஷம் புது மாதிரி வரும். இந்த ஒரு தடவை ஆளுங்களை வேற யாராவது கூட்டிக்கிட்டு...

வில்மா: ஸெப், முதல்ல காட்டினியே, அதோட உள்ளுறையை அடுப்புல வை.

ரூப்பர்ட்: நான் இன்னும் சரின்னு சொல்லல!

வில்மா: நான் சொல்லிட்டேன். வை.

ஸெப்: சூடு பண்ணிட்டா அவன் காலுக்குன்னே ஆயிடும் வில்மா. அப்புறம் திருப்பி எடுக்க மாட்டேன்.

வில்மா: நான் திருப்பற ஆளா?

ஸெப்: ...இல்ல. ...ம். பொங்கி வந்துடுச்சு. காலை விடு. சுடுதா?

ரூப்பர்ட்: சுடுது.

ஸெப்: சுடணும். இப்ப நில்லு. கொக்கியை மெதுவா இறுக்கறேன். ஆறுற வரைக்கும் அசையக் கூடாது. அசைஞ்சா அசைஞ்சபடியே பதிஞ்சிடும். தெரியும்ல?

ரூப்பர்ட்: எனக்கே பாடமா?

ஸெப்: நான் உள்ள போய் காப்பி போட்டுட்டு...

வில்மா: இரு ஸெப். நீயும் இரு. ...ரூப்பர்ட்.

ரூப்பர்ட்: என்ன?

வில்மா: இப்ப உன்னால ஓட முடியாது.

ரூப்பர்ட்: எதுக்கு ஓடணும்?

வில்மா: பிப்ரவரியில, இன்ஸ்ப்ரூக்ல சங்கக் கூட்டம்னு போயிட்டு மறுநாள் வந்தியே.

ரூப்பர்ட்: ஆமா. கூட்டம். நீண்டுக்கிட்டே போச்சு.

வில்மா: அன்னிக்கு நீ குளிச்சிட்டு வந்தப்ப துண்டைத் தோள்ல போர்த்திக்கிட்டு வந்த. கல்யாணமான நாள்ல இருந்து நீ துண்டை இடுப்புலதான் கட்டுவ. கட்டாமயும் வருவ.

ஸெப்: நான் காப்பி...

வில்மா: இருன்னேன். துண்டு நழுவிச்சு. நெஞ்சுல அங்கங்க முடி மழிச்சிருந்துது. சதுரம் சதுரமா, ஒட்டுப் பிரிச்ச சிவப்பு. எடையைக் குறைக்க மழிச்சேன்னு மட்டும் சொல்லு, இந்த பூட்ஸாலயே அடிப்பேன்.

ரூப்பர்ட்: ...சொல்லலாம்னுதான் இருந்தேன்.

ஸெப்: அசையாத.

ரூப்பர்ட்: நான் அசையல.

ஸெப்: நடுங்கற. அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கோ.

வில்மா: ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?

ரூப்பர்ட்: நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புதாம். பெரிசா ஒண்ணும்...

வில்மா: ரூப்பர்ட்.

ரூப்பர்ட்: மேல போகக் கூடாதாம். காட்டுக்கு மேல, அந்தக் கடைசி மரத்துக்கு மேல, கூடவே கூடாது. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு பனியாத்துக்குப் போறதைப் பத்திக் கேட்டேன். டாக்டர் சின்னப் பொண்ணு. சிரிச்சா முதல்ல. நான் விளையாடறேன்னு நினைச்சிருக்கா.

வில்மா: அப்புறம்?

ரூப்பர்ட்: அப்புறம் சிரிக்கல. "நீங்க நடுவுல விழுந்தா அந்தப் பன்னெண்டு பேர் என்ன பண்ணுவாங்க?"ன்னா. நான் அவங்களுக்குக் கத்துக் கொடுத்ததே அதுதான்... ஒருத்தன் விழுந்தா என்ன பண்ணணும்னு. அந்த ஒருத்தன் நானா இருப்பேன்னு நினைச்சுக் கத்துக் கொடுக்கல.

வில்மா: எனக்கு ஏன் சொல்லல?

ரூப்பர்ட்: உனக்குச் சொன்னா நிஜமாயிடும்.

வில்மா: அதனால பூட்ஸ்.

ரூப்பர்ட்: பழியை பூட்ஸ் மேல போட்டா யாருக்கும் வலிக்காது. "ரூப்பர்ட்டுக்கு வயசாயிடுச்சு"ன்னு சொல்றதுக்கு "ரூப்பர்ட்டுக்குச் சரியான பூட்ஸ் கிடைக்கல"ன்னு சொல்லட்டுமே. சங்கத்து ஆளுங்க மதுக்கடையில உட்கார்ந்து சிரிக்கட்டும். சிரிச்சா பரவாயில்ல. பாவம்னு சொன்னாத்தான்...

வில்மா: நீயா வாயைத் திறப்பேன்னு காத்திருந்தேன். ராத்திரியெல்லாம் உன் முதுகுல கையை வெச்சு துடிப்பை எண்ணிக்கிட்டுக் கெடந்தேன், நீ தூங்கறேன்னு நினைச்சு.

ரூப்பர்ட்: நான் தூங்கல.

வில்மா: தெரியும். ...அதான் இழுத்துக்கிட்டு வந்தேன். பொருத்தமான பூட்ஸ் கால்ல ஏறிட்டா உனக்கு வேற சாக்கு இருக்காதுன்னு.

ஸெப்: வில்மா, ஒரு நிமிஷம்...

வில்மா: நீ பேசாத. ரூப்பர்ட், கேளு. சங்கத்துக்கு நீயே போய்ச் சொல்ற. நான் கூட வரேன். பாவம்னு எவனாவது சொன்னா நான் பார்த்துக்கறேன். பனியாறு வேண்டாம். விட்டுடு. ஆனா நம்ம வீட்டுக்குப் பின்னாடி மேய்ச்சல் வெளி இருக்கு. காட்டுப்பாதை இருக்கு. கடைசி மரம் வரைக்கும் போகலாம்னுதானே சொன்னா?

ரூப்பர்ட்: ஆமா, ஆனா...

வில்மா: நான் முன்னால போறேன். நீ என் தடத்துல வா. உனக்கு மூச்சு வாங்கறப்ப நான் நின்னு கொக்கியைச் சரி பண்றேன்னு குனியறேன். எவனும் கேட்க மாட்டான். சாகற வரைக்கும் இப்படியே போவோம். புரியுதா? அதுக்கு இந்த லேசான பூட்ஸ்தான் வேணும். துவண்டா துவளட்டும். நாமளும்தான் துவண்டிருக்கோம்.

ரூப்பர்ட்: வில்மா...

வில்மா: மறுத்துப் பேசாத.

ரூப்பர்ட்: மறுக்கல.

வில்மா: அப்ப நாளைக்கே போறோம். வெயில் ஏறறதுக்கு முன்னாடி. ஸெப், இதைக் கட்டிக் கொடு. நீ ஏன் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கற?

ஸெப்: ஆறிடுச்சு. கழட்டலாம்.

வில்மா: ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு? ரூப்பர்ட், அழறியா? நாளைக்குக் காலைல, நீயும் நானும். வேற என்ன வேணும்?

ரூப்பர்ட்: ஸ்கீ வேணும். என்னோடதை போன மாசமே வித்துட்டேன். இவன்தான் வாங்க ஆள் பிடிச்சுக் கொடுத்தான்.