தேசம்மாவின் மூணாவது வளையல்

பீச்சிலிருந்து தாம்பரம் போற ரயில் குட்டித் தண்டவாளத்துல ஓடின காலமாம் அது. பல்லாவரம் மலைக்கு இந்தப் பக்கம் நாலே நாலு தெரு. அதுல ஒரு தெருவுல ஒரு வீடு. அந்த வீட்டுல ஒரு சுவர். அந்தச் சுவருல ஒரு விரிசல். நான் சொல்லப்போற கதை அந்த விரிசலுக்குள்ளேயிருந்துதான் வருது.

முன்னாடியே சொல்லிடறேன். இதுல வர்ற எல்லார் குரலையும் செஞ்சு காட்டுவேன். மேஸ்திரி, மாமியார், மண்ணு கொட்டுற சத்தம், எது வேணும்னாலும். ஒரே ஒரு சத்தத்தை மட்டும் செய்ய மாட்டேன். கண்ணாடி வளையல் உடையற சத்தம். அந்த இடம் வந்தா விரலைத் தூக்குவேன், நீங்களே மனசுக்குள்ள கேட்டுக்கங்க. ஏன்னு கடைசியில தெரியும்.

தேசம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்களாம். எங்க தாத்தாவோட அக்கா. சித்தாள். கலவை குழைக்கிறது, செங்கல் சுமக்கிறது, ஏகாம்பரம் மேஸ்திரி கை நீட்டுறப்ப கரண்டியை வைக்கிறது, இதான் வேலை. மேஸ்திரிகிட்ட மட்டம் பாக்க ரசமட்டம் இருந்துச்சு, நேர் பாக்கத் தூக்குக்குண்டு இருந்துச்சு. சித்தாள்கிட்ட என்ன இருந்துச்சு? கைக்கு மூணு கண்ணாடி வளையல் இருந்துச்சு.

அந்த வீடு ஜகதாம்பாளோடது. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடித்தளம். மருமக புஷ்பவல்லிக்கு ஏழாம் மாசம். ஜகதாம்பாள் குரல் எப்படின்னா, பித்தளை அண்டா படியில உருண்ட மாதிரி.

"மேஸ்திரி! வளைகாப்புக்கு நாப்பது பொம்பளைங்க வர்றாங்க. இந்தக் கூடத்துல நாப்பது பூனை கூட உக்கார முடியாது. நடுச்சுவரைப் பாதி எடுங்க! மாடியில தண்ணித் தொட்டி ஒண்ணு கட்டுங்க!"

மேஸ்திரி வாயில எப்பவும் வெத்தலை. "ஷெஞ்சுடலாம்மா. ஒண்ணும் பிரஷ்னை இல்ல."

செஞ்சாங்க. நடுச்சுவர் பாதி போச்சு. மாடியில செங்கல் தொட்டி வந்துச்சு. மறுநாள் காலையில தேசம்மா பாக்குறாங்க, மிச்சம் நின்ன சுவருல, உத்தரத்துக்குக் கீழே, எலி வால் மாதிரி மெலிசா ஒரு கோடு.

தேசம்மா என்ன செஞ்சாங்க? கையிலிருந்து ஒரு சிவப்பு வளையலைக் கழட்டி ரெண்டா ஒடிச்சாங்க. ஒரு துண்டை விரிசலுக்குக் குறுக்கே வெச்சு, ரெண்டு முனையிலயும் சிமெண்ட் உருண்டை வெச்சு அழுத்தினாங்க.

"ஏன்டி தேஷம்மா, ஷுவருக்கும் ஏழாம் மாஷமா?"

எல்லாரும் சிரிச்சாங்களாம். தேசம்மா சிரிக்கல. "சுவரு நின்னா வளையல் நிக்கும் மேஸ்திரி. சுவரு நடந்தா வளையல் உடையும்."

ஒரு நாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. மூணாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தப்ப, இதோ, விரலைத் தூக்குறேன். உடைஞ்சுது. சிவப்பு வளையல்.

ரெண்டாவது வளையல் பச்சை. அதே இடம், அதே ரெண்டு உருண்டை. அன்னைக்குத் தொட்டி ஒழுகுதான்னு பாக்கப் பாதி அளவுக்குத் தண்ணி விட்டாங்க. இந்தத் தடவை மூணு நாள் இல்ல. ஒரு நாள் இல்ல. தண்ணி விட்ட ஒரு மணி நேரத்துல, விரலைத் தூக்குறேன். பச்சை வளையல்.

தேசம்மா மேஸ்திரிகிட்ட ஓடினாங்க. "மேஸ்திரி, தண்ணியைத் திறந்து விடுங்க. உத்தரத்துக்கு முட்டுக் கொடுங்க. சுவரு நடக்குது."

அதுக்குள்ள அண்டா உருண்டுச்சு. "வளைகாப்பு வீட்டுல உடைஞ்ச வளையலா? யாரு வெச்சது? எம் மருமகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா? வெளியே போடி! நீ என் வாசப்படி மிதிக்கக் கூடாது!"

மேஸ்திரி தண்ணியை மட்டும் வடிச்சு விட்டுட்டு, விரிசல் மேல சிமெண்டைத் திட்டமாப் பூசி, வெள்ளையும் அடிச்சிட்டாரு. "கண்ணுக்குத் தெரியுதா? தெரியல இல்ல? தெரியாட்டி விரிஷல் இல்ல."

தேசம்மா பக்கத்துச் சந்து வழியா வீட்டுக்குப் போறாங்க. சன்னல்லேருந்து ஒரு குரல். மெலிசா. சமையக்கட்டைத் தாண்டாத குரல்.

"அக்கா. நில்லுங்கக்கா."

புஷ்பவல்லி.

"அக்கா, நான் அந்தச் சுவரு ஓரமாத்தான் படுக்கிறேன். தலைமாட்டுல யாரோ மண்ணைத் தின்னுற மாதிரி கேக்குதுக்கா. அத்தைகிட்ட சொன்னேன். எலிங்கறாங்க. எலி இவ்ளோ மெதுவாத் தின்னுமா?"

புஷ்பவல்லி தன் கையிலிருந்து ஒரு நீல வளையலைக் கழட்டிச் சன்னல் கம்பி வழியா நீட்டினா. அந்தச் சன்னல் சாமான் அறையோடது. நடுச்சுவரோட முதுகு அங்கதான் இருக்கு. அந்தப் பக்கமும் விரிசல் இருந்துச்சு, மேஸ்திரி அதைப் பூசல. தேசம்மா வெளியிலிருந்து சிமெண்டைக் குழைச்சுக் கொடுக்க, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால, சன்னல்லேருந்து பாத்தா மட்டும் தெரியுற மாதிரி, புஷ்பவல்லியே வளையல் துண்டை வெச்சா. மூணாவது வளையல்.

நாலு நாள் ஆச்சு. உடையல. புஷ்பவல்லி மூச்சு விட்டா. "ஒண்ணும் இல்ல போலிருக்குக்கா."

தேசம்மா கேட்டாங்களாம்: "தொட்டியில தண்ணி இருக்கா?"

"இல்லக்கா. வளைகாப்பு அன்னைக்குத்தான் நிரப்புறாங்க."

"அப்ப பாரம் ஏறுற அன்னைக்குத்தான் தெரியும்"ன்னாங்களாம் தேசம்மா.

வளைகாப்பு வந்துச்சு. காலையிலயே தொட்டி தளும்பத் தளும்ப நிரம்பிடுச்சு. மாடியில பந்தல், ஆம்பளைங்க வரிசையா இலை போட்டு உக்காந்திருக்காங்க. கீழே கூடத்துல நாப்பது பொம்பளைங்க. நடுச்சுவருக்கு முதுகைக் காட்டி மனையில புஷ்பவல்லி. ஒவ்வொருத்தியும் வந்து கன்னத்துல சந்தனம் பூசி வளையல் போடுறா. நாப்பது பேரோட வளையலும் சேர்ந்து கலகலகலகலன்னு ஒரே இரைச்சல். பாட்டு வேற.

வாசப்படி மிதிக்கக் கூடாதவ எங்க நிப்பா? சந்துல. சன்னல் கம்பியில மூஞ்சியை வெச்சு, இருட்டுல அந்த நீல வளையல் துண்டைப் பாத்துக்கிட்டே நிக்கிறாங்க. கண்ணைக் கூட சிமிட்டல.

விரலைத் தூக்குறேன்.

"வெளியே வாங்க! எல்லாரும் வெளியே வாங்க!" தொண்டை கிழியக் கத்துறாங்க. கலகலகலகல. யாருக்குக் கேக்கும்? "அம்மா! புஷ்பவல்லி!" கலகலகலகல.

உள்ளே புஷ்பவல்லி கழுத்துல ஏதோ விழுந்துச்சு. தொட்டுப் பாத்தா, பொடி. வெள்ளைப் பொடி. கன்னத்துச் சந்தனத்து மேலயும் அதே பொடி. அவ தன் வலது கையால இடது கை வளையலை இறுக்கிப் பிடிச்சா. எழுந்து நின்னா. அந்த வீட்டுக்கு மருமகளா வந்ததுலேருந்து சத்தமே போடாதவ, போட்டா பாருங்க:

"எல்லாரும் வளையலைப் பிடிங்க!"

பாட்டு நின்னுச்சு. நாப்பது பேர் கையும் வளையலைப் பிடிச்சுது. கூடமே கப்சிப்.

அப்ப கேட்டுச்சு. சுவருக்குள்ளேருந்து. சர்ர்ர்ர்ர்ர். நிக்காம. யாரோ உள்ளே மூட்டையைப் பிரிச்சு விட்ட மாதிரி. சந்துலேருந்து தேசம்மா குரலும் கேட்டுச்சு. "உடைஞ்சிடுச்சு! ஓடி வாங்க!"

ஜகதாம்பாள் மருமகளை இழுத்துக்கிட்டு முதல்ல ஓடினா. பின்னாலயே நாப்பது பேர். தேசம்மா எங்க ஓடினாங்க? வெளிப்பக்கத்துப் படியில மேலே. மாடிக்கு.

"இறங்குங்க! வீடு விழுது!"

"யாரும்மா நீ? பாயசம் இன்னும் வரலையே?"

சொன்னா நம்புவாங்களா? தேசம்மா குனிஞ்சு இலைங்களைச் சாதத்தோட வாரிச் சுருட்டித் தெருவுல எறிஞ்சாங்களாம். "ஏய்! பிடிடா அவளை!" கோவத்துல எல்லாரும் எழுந்துட்டாங்க. அப்பத்தான் காலுக்குக் கீழே தரை நடுங்கினது அவங்களுக்கே தெரிஞ்சுது. அடிக்க எழுந்தவங்க இறங்கி ஓடினாங்க. ஒவ்வொருத்தரையும் படிக்குத் தள்ளி விட்டாங்க தேசம்மா. கடைசி ஆள் தெருவுல காலை வெச்சான்.

தொட்டி, உத்தரம், டெரஸ், எல்லாம் உள்ளே இறங்குச்சு.

புழுதி. பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சி தெரியல. புழுதி அடங்க அடங்க எண்ணிப் பாக்குறாங்க. பொம்பளைங்க எல்லாரும் இருக்காங்க. ஆம்பளைங்க எல்லாரும் இருக்காங்க. தேசம்மாவைக் காணோம்.

அழுகை. ஓட்டம். வளையல் இரைச்சல். அப்ப அண்டா மறுபடி உருண்டுச்சு. ஆனா இந்தத் தடவை அந்தக் குரல் நடுங்குச்சாம்.

"வளையலைப் பிடிங்கடி. எல்லாரும் பிடிங்க."

நாப்பது பேரும் பிடிச்சாங்க. தெருவே மூச்சை அடக்கிக்கிட்டு நின்னுச்சு. செங்கல் குவியல்ல எந்தச் சத்தமும் இல்ல. எந்தச் சத்தமும் இல்ல. அப்புறம், அடியிலேருந்து, விரலைத் தூக்குறேன். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை தூக்குறேன்.

இது உடையற சத்தம் இல்ல, செங்கல்ல வளையலைத் தட்டுற சத்தம்; அதையும் நான் செய்ய மாட்டேன்.

மேஸ்திரி வெத்தலையைத் துப்பிட்டு வெறுங்கையால தோண்டினாரு. "தேசம்மா! தட்டிக்கிட்டே இரும்மா! நிறுத்தாதே!" வாழ்நாள்ல அன்னைக்குத்தான் அவர் பேச்சு தெளிவா இருந்துச்சாம். ஒரு கை தெரிஞ்சுது. கையில மிச்சம் ஒரே ஒரு வளையல். அதுவும் அப்ப உடைஞ்சு போச்சு, ஆனா கை சூடா இருந்துச்சு.

தேசம்மா பிழைச்சாங்க. வலது கால் மட்டும் கடைசி வரைக்கும் நேரா வரல.

போர்டுல அந்தச் சந்துக்கு ஏதோ நம்பர் போட்டிருக்கு. கேட்டா யாருக்கும் தெரியாது. தேசம்மா சந்துன்னு சொல்லுங்க, ஆட்டோக்காரர் நேரா கொண்டு வந்து விடுவார். எங்க நாலு தெருவுல பழைய சுவரு விரிஞ்சா, பூசறதுக்கு முன்னாடி வளையல் துண்டு வெச்சுக் காத்திருக்கணும். எந்தக் கொத்தனார் வந்தாலும் இதான் சட்டம். வளைகாப்புல முதல் வளையல் பொண்ணு கைக்கு இல்ல, சுவருக்கு. தொட்டியில தண்ணியை நிரப்பி, சுவருல வெச்ச வளையல் நின்னா அப்புறம்தான் பொண்ணு மனையில உக்காருவா.

இப்ப, நான் ஏன் அந்தச் சத்தத்தைச் செய்ய மாட்டேன்?

போன கோடை லீவுல செஞ்சேன். மத்தியானம் ரெண்டு மணி. எல்லாரும் தூங்குற நேரம். சந்துல நின்னு, நாக்கை மேலண்ணத்துல வெச்சு ஒரே ஒரு தடவை. அச்சு அசல் வந்துச்சு. எனக்கே சிரிப்பை அடக்க முடியல.

முதல்ல வெளியே வந்தது கற்பகம்மா. அன்னைக்குப் புஷ்பவல்லி வயித்துல இருந்த குழந்தை அவங்கதான். செருப்புப் போடல. அப்புறம் எதிர் வீடு. அப்புறம் பக்கத்து வீடு. படுத்த படுக்கையா இருந்த ரங்கநாதன் சாரை நாலு பேர் கட்டிலோட தூக்கிட்டு வந்தாங்க. கைக்குழந்தைங்க, குக்கரை அடுப்புல விட்டவங்க, தலையில ஷாம்பூ நுரையோட ஒரு அண்ணன். என்னைப் பாத்தாங்க. யாரும் திட்டல. யாரும் அடிக்கல. எந்த வீடுன்னு கூட யாரும் கேக்கல.

தெருவுல இருந்த பொம்பளைங்க எல்லாரும் ஒரு கையால இன்னொரு கை வளையலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, தலையைச் சாய்ச்சு, அடுத்த சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கிட்டு நின்னாங்க.

நான் ரெண்டு கையாலயும் என் வாயைப் பொத்திக்கிட்டேன்.