ஒரு தட்டுக்கு எவ்வளவு

டிவி சத்தத்தைக் கூட்டும்போது நீங்கள் ரிமோட்டைப் பார்ப்பதில்லை, ஐயா. விரல் அதுபாட்டுக்கு அமுக்கும், காது கணக்கு வைத்துக்கொள்ளும். என் பிழைப்பே இந்தச் சின்ன விஷயத்தில்தான் ஓடியது.

நானும் என் தம்பியும் ஒரே கம்பெனி. நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் மெஷினுக்குத் திரை வடிவமைப்பது எங்கள் வேலை. அதில் கூட்டல் பொத்தான் என் யோசனை. ஒரு தட்டுக்கு 0.1 மில்லி கூடும், கூடவே ஒரு சத்தம் வரும். நர்ஸ் திரையைப் பார்க்கவே வேண்டாம். நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி சத்தத்தை எண்ணினால் போதும். வார்டு வார்டாக நின்று, அவர்கள் கையைப் பார்த்துப் பார்த்துச் செய்தது அது.

பாராட்டு விழாவில் தம்பி மேடையேறி, அது தன் யோசனை என்றான். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "அண்ணன் சும்மா செட்டிங்ஸ் பார்த்தாரு" என்றான். அப்பா போன பிறகு நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வெளியாள் செய்திருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். இது ஆறவே இல்லை.

பிறகு அவனுக்குக் குடலில் ஆபரேஷன் நடந்தது. கட்டில் பக்கத்தில் வலி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தது எங்கள் மெஷின்தான். அவன் மனைவி என்னை நம்பி விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். அவன் கண்ணயர்ந்திருந்தான். நான் செட்டிங்ஸைத் திறந்து, ஒரு தட்டுக்கு 0.1 என்பதை 1 ஆக்கினேன். நான் அதைத்தானே பார்ப்பதாக அவன் சொன்னான்.

அவன் விழித்ததும் வலிக்கிறது என்று முனகினான். நர்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"அந்தப் பொத்தான் யார் யோசனைடா?" என்று கேட்டேன்.

"இப்ப எதுக்குண்ணா அது" என்றான். "வலி தாங்கல. நர்ஸக் கூப்பிடு."

கூப்பிட்டேன்.

அந்தப் பெண் நல்ல பெண். அவன் முகத்தைப் பார்த்து, சீக்கிரம் சரியாகிவிடும் என்று சிரித்தபடி, அரை மில்லி கூட்ட ஐந்து தடவை தட்டினாள். திரையில் ஐந்து மில்லி கூடியதாகத்தான் காட்டியது, மெஷின் பொய் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வலி போய்விட்டது என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு நிற்கும்வரை நானும் விடவில்லை.

அவள்மேல் தப்பில்லை, விட்டுவிடுங்கள். கொன்றது நான்தான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது, ஐயா. 'இறந்தவர் வடிவமைத்த மெஷின்' என்று போட்டிருக்கிறீர்கள். முதலில் அதை அடியுங்கள்.