சிங்கப்பூருக்கு அஞ்சு வழி

மன்னிக்கணும் தம்பி, அது பெரிய தப்புங்க. சிங்கப்பூர் போற வழி கோயமுத்தூர் ஏர்போர்ட்ல ஆரம்பிக்குதுன்னு குன்னூரே நம்பிட்டிருக்குது. போலீஸ்காரர் நீங்களும் நம்பலாமுங்களா? மலை எறங்கற ரோட்டுல, பர்லியார் வளைவுல ஆரம்பிக்குதுங்க. அங்க ஒரு மரம் விழுந்துச்சுன்னா, ஏர்போர்ட்ல பிளேன் நின்னு என்ன பிரயோசனம்? பூகோளம் சொல்லிக் குடுத்தே ரிட்டயர் ஆனவன் சொல்றேன்.

உக்காருங்க. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவரை நிக்க வெச்சா நல்லாவா இருக்கும்? டீ எடுத்துக்கங்க. ஊட்டுல எத்தனை பேருங்களா? ரெண்டுன்னு போட்டுக்கங்க.

எங்க உட்டேன்... ஆங், வழி. மொத்தம் அஞ்சுங்க. கோயமுத்தூர்ல நேரா பிளேன். திருச்சி போய்ப் போனா, பிளேனுக்குள்ளயே ஊறுகா வாசம் வரும், ஊர்லயே இருக்கற மாதிரி இருக்கும். மேட்டுப்பாளையத்துல ராத்திரி ரயிலேறிச் சென்னை போலாம். பர்லியார்ல மரம் விழுந்துட்டா அந்தப் பக்கம் முதுமலை வழியா பெங்களூரும் போலாம், இருட்டிருச்சுன்னா ரோட்டை யானைக்கு உட்டுருவாங்க. அஞ்சாவது கப்பல். அது எப்பவோ நின்னு போச்சுங்க. இருந்தாலும் கணக்குல இருந்து எடுக்க மனசு வரலை.

இல்லீங்க, நான் இன்னும் போனதில்லை. பியாட்ரிஸ் போயிருக்கா. எங்க ஊட்டுக்காரி. மலை எறங்கறப்ப மரப்பாலம் ஊரைத் தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை வாந்தி எடுக்கறவ, பிளேன்ல ஒண்ணுமே ஆகலைன்னா பாத்துக்கங்க.

இப்பவா? அங்கதானுங்க இருக்கா. எங்க பொண்ணு அலீனாவுக்குப் பிரசவம் பாக்கப் போனா. ஆறு மாசத்துல வந்தர்றேன்னுட்டுத்தான் போனா.

கொழந்தைங்களா? பேரனுங்க. போன வருசத்துல இருந்து ஸ்கூலுக்குப் போறான்.

அவங்க கூப்பிட்டாங்களான்னா... அதெப்படிச் சொல்றது. போன மாசம் ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சு வந்து பியாட்ரிஸ்கிட்ட போன்ல சொன்னேன். நானும் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கேன், வர்றேன்னு. அதுக்கு அவ கேட்டா, இங்க ரெண்டே ரூமுங்க, நீங்க எங்க படுப்பீங்கன்னு. நியாயந்தானுங்களே. ஹால்ல பேரன் சைக்கிள் ஓட்டறானாமா.

அப்புறம், பீரோவுல இருக்கற சேலையெல்லாம் பார்சல் போட்டு உடுங்கன்னா. எல்லாத்தையுமான்னு கேட்டேன். எல்லாத்தையுந்தான்னா. அங்க குளிரே இல்லை, ஆனா கம்பளிச் சால்வையும் வேணுமாமா.

போவேனான்னு கேக்கறீங்க. பாஸ்போர்ட் பத்து வருசத்துக்குச் செல்லுமுங்கல்ல? அப்பச் சரி.

ஊட்டுல ரெண்டு பேருன்னதை ஒண்ணாக்கணுமுங்களா? ஆக்கிக்குங்க, ஆக்கிக்குங்க. கப்பலை மட்டும் என்னைய எடுக்கச் சொல்லாதீங்க.

ஆதார் ஒரிஜினலா? இருங்க, பீரோவுலதான் வெச்சிருக்கேன்... இந்தாங்க. முந்தியெல்லாம் இந்தக் கதவு சாத்தவே சாத்தாதுங்க. சேலை பிதுங்கிட்டு நிக்கும், முட்டியக் குடுத்துத் தள்ளோணும். இப்பப் பாருங்க, ஒரு வெரல்ல சாத்திக்குது.