வெறும் வயித்துல ஒரு சிட்டிகை

ஹலோ... ஹலோ மைனி, நாந்தான் தங்கபுஷ்பம்... கேக்குதா? அருவிச் சத்தமா வருது, கடையை விட்டுக் கொஞ்சம் தள்ளி வாங்க... பழம் வாங்க வந்தவன் நிக்கட்டும் மைனி! ஒங்க தம்பிக்கு ரத்தம் ஏத்தப் போறாவ!

ஆமா, தென்காசியிலதான்... ஆமா ஆமா, டயாலிசிஸ் மிஷின்ல படுத்திருக்காவ. ரெண்டு வார்த்தை பேசினா மூச்சு வாங்குது... அழாதீங்க, நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுங்க. ரத்த டெஸ்ட்டு எடுத்த அன்னைக்குக் காலைல அவுகளுக்கு என்ன குடுத்திய?... இட்லி இல்ல, சரி... காப்பியும் இல்ல, சரி சரி... வேற?

ஏன் கேக்கேன்னா... இருங்க, சொல்லுதேன். ரத்த அளவு ஆறுக்கு எறங்கிட்டு. ரத்தத்துல உள்ள அணுவெல்லாம் சின்னதா, வெளுத்துப்போய் இருக்காம். இரும்புச் சத்து இல்லாதவங்களுக்குத்தான் அப்படி இருக்குமாம். ஆனா இரும்பு டெஸ்ட்ல மட்டும் போதுமான அளவு காட்டுதாம். ஒண்ணுக்கொண்ணு பொருந்தலையேம்மாங்காரு டாக்டரு. இரும்பு மாத்திரை ஏதும் குடுத்தியளான்னு கேட்டாரு. இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டேன்...

மாத்திரை இல்ல, தெரியும்... மைனி, வேற என்னதான் குடுத்திய?

...செந்தூரமா?

அயச் செந்தூரமா! ஐயோ, அது இரும்புல்லா மைனி! இரும்பைப் புடம் போட்டுப் பண்ணுதது!... எத்தனை நாளா நடக்கு இது?... அக்காளும் தம்பியும் நல்லாத்தான் கூட்டுச் சேர்ந்திருக்கிய, அவுகளும் என்கிட்ட மூச்சு விடலையே...

ஆமா, வெறும் வயித்தோட வரணும்னு நான்தான் சொன்னேன்... மருந்துதானே, சாப்பாடு இல்லையேன்னு நெனச்சியளா?... குத்தாலத்து வைத்தியரும் வெறும் வயித்துல தேன்ல கொழச்சுக் குடுக்கச் சொன்னாரா... நல்லாருக்கு!

இல்ல, திட்டல... ஆசையிலதான் குடுத்திய, எனக்குத் தெரியாதா? கேளுங்க. இரும்பு கொறைவுன்னா ஊசியில இரும்பு ஏத்திப் பாக்கலாம்னாரு. அன்னைக்கு முழுங்குன செந்தூரம்தான் டெஸ்ட்ல போதும்னு காட்டிருக்கு, அதாலதான் ரத்தம்ங்காரு... ஏத்துனா என்னவா? மதுரையில கிட்னி மாத்துத ஆஸ்பத்திரியில என்ன சொன்னாவ? அடுத்தவுக ரத்தம் ஏறுனா ஒங்க கிட்னியை அவுக ஒடம்பு ஏத்துக்காமப் போயிரலாம்னு சொன்னாவல்லா? இத்தன பேருல பொருந்துனது ஒங்க கிட்னி ஒண்ணுதான மைனி!

நெஞ்சுல அடிக்காதீங்க, அங்கன கூட்டம் கூடிரும்... நான் போனைக் குடுக்கேன், நீங்களே டாக்டருட்ட சொல்லுங்க. சத்தியம் பண்ணின என்னை நம்புவாரா?... என்னது, வாய் வராதா? வயித்தக் கிழிச்சுக் கிட்னி எடுத்துக்கோங்கன்னு சொல்ல வந்த வாயிதான அது?... ஓ... கோவத்துல ஒங்க கிட்னி வேண்டாம்னு தள்ளிருவாவன்னு பயமா...

இருங்க... சிஸ்டர்! சிஸ்டர், அந்த ரத்தப் பையைத் தொங்க விடாதீங்க! ஒரே ஒரு நிமிசம்... டாக்டரைக் கூப்பிடுங்க சிஸ்டர், ஒங்க கால்ல விழுதேன்!

மைனி, வாராரு. பயப்படாம சொல்லுங்க. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்... ஹலோ? மைனி?... ஹலோ?... கட் பண்ணிட்டாவளே...

சார்... டாக்டர் சார், ரத்தம் வேண்டாம், அந்த டெஸ்ட்டு தப்பு சார். மறுபடி எடுங்க. அன்னைக்குக் காலைல இரும்பு உள்ள போயிட்டு... செந்தூரம் சார், நாட்டு மருந்து... இல்ல சார், வேற யாருமில்ல. நாந்தான் குடுத்தேன்.