உயிரில்லாத நோய்

"அதுக்கு உயிரே இல்ல அண்ணி, அப்புறம் எப்டி சாவடிக்கறது?" என்றாள் எனக்கு முன் சீட்டில் இருந்தவள். பெங்களூரில் சிவாஜிநகரிலிருந்து நீலசந்திரா போகும் பஸ். வெளிநாட்டில் மாட்டு மூளை நோய் மனிதர்களுக்கும் வந்ததாகப் பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த காலம். கால்நடை நோய்களை ஆராயும் ஒரு லேபில் அவள் அட்டெண்டர் என்பது பேச்சில் தெரிந்தது.

"எங்க டாக்டரம்மா, அதே மாதிரி மூள நோய்ல செத்த ஆட்டோட மூளைய அறுக்கச்சே கத்தி கைல ஏறிடுச்சு. கிருமி இல்லயாம், ஏதோ கெட்டுப்போன புரோட்டீனாம்; சோப்பு, சுடுதண்ணி எதுக்கும் அடங்காதாம் அந்த நோயி."

"ஐயோ! மனுஷனுக்கு வருமா?"

"ஆட்டுலருந்து வராதுன்னுதான் சொல்றாங்க. மாட்டுலருந்து வந்துச்சே! டெஸ்ட்டும் கெடயாது. வர்றதுன்னா பத்து வருஷம் கழிச்சுகூட வருமாம்."

அண்ணி அவள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். "நீயும்தான அங்க கத்தி கழுவற?"

"அன்னிலருந்து கத்திய என்னத் தொட விடல. அவங்களே கழுவிக்கறாங்க."

"உங்க டாக்டரம்மா கல்யாணம் நிச்சயமான பொண்ணுன்னு சொன்னியே?"

"அவங்களே மாப்ளகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டாங்க. அவரு பரவால்ல, கட்டிக்கறேன்னாரு. இவங்கதான் வேணாம்னு அனுப்பிட்டாங்க."

அண்ணி கேட்டாள்: "பத்து வருஷம் கழிச்சு ஒண்ணும் வரலன்னா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'அப்ப எனக்கு நாப்பத்தொண்ணு, செல்வி'ன்னாங்க. சொல்லிட்டு, க்ளவுஸ மாட்டிக்கினு, அடுத்த ஆட்டுத் தலைய எடுத்துனு வரச் சொன்னாங்க."